பட்டறை வளர்த்த நகரம்

நுழையும்முன்

புதியன படைக்கும் ஆற்றல் தனிமனிதரின் அறிவில் மட்டும் முளைப்பதன்று. அவர் வாழும் ஊரின் மண், நீர், தொழில், பழக்கம், மக்கள் ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கை ஆகிய அனைத்தும் அதற்கு உரமாகின்றன. ஆறுகள் பெருகி ஓடாத, துறைமுகம் இல்லாத, அரசின் தலைநகராகவும் விளங்காத கோயம்புத்தூர், இந்தியாவின் முதன்மையான தொழில் நகரங்களுள் ஒன்றாக எழுந்தது. அந்நகரின் பண்பாடு அதன் தொழில்முனைவோரின் படைப்பாற்றலை எவ்வாறு வடிவமைத்தது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

* * *

ஒரே வகையான எந்திரம் இரண்டு ஊர்களுக்கு வந்து சேர்வதாகக் கொள்வோம். பழுதடைந்ததும் ஓர் ஊரில் அது மூலையில் கிடந்து துருப்பிடிக்கிறது. மற்றோர் ஊரில் அதைச் சுற்றி நால்வர் கூடுகின்றனர். ஒருவர் திருகாணியைக் கழற்றுகிறார். மற்றொருவர் தேய்ந்துபோன பாகத்தை அளக்கிறார். வேறொருவர் அதைப்போல ஒன்றை வார்த்துத் தருவதாகக் கூறுகிறார். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையிலான வேறுபாடு பணத்தால் வந்ததன்று, பழக்கத்தால் வந்தது. பல தலைமுறையாகப் படிந்த அத்தகைய பழக்கத்தையே ஓர் ஊரின் தொழிற்பண்பாடு என்கிறோம். கோயம்புத்தூரின் வரலாறு இரண்டாவது ஊரின் வரலாறாகும்.

கிணறு கற்பித்த பாடம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே, மழை மறைவுப் பகுதியில் அமைந்தது கோயம்புத்தூர். மலையில் தோன்றும் நொய்யல் ஆண்டு முழுவதும் பெருகி ஓடும் ஆறன்று. அதன் வெள்ளம் வீணாகாதவாறு முன்னோர் வாய்க்கால்களையும் குளங்களையும் தொடராக அமைத்தனர். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் முதலியன அத்தொடரின் பகுதிகளாகும். குளத்துநீர் எட்டாத மேட்டு நிலங்களில் கிணறே உழவரின் துணையாயிற்று. பாறையை உடைத்து ஆழமாகத் தோண்டிய கிணறுகளிலிருந்து, எருதுகள் இழுக்கும் கவலை ஏற்றத்தால் நீர் இறைத்தனர்.

மழையை நம்பி மட்டும் வாழ முடியாத உழவர், கருவியை நம்பி வாழக் கற்றுக்கொண்டார். கயிறு அறுந்தாலோ, உருளை தேய்ந்தாலோ, சால் ஓட்டையானாலோ பயிர் வாடிவிடும். ஆகவே கருவியைப் பேணுவதும் பழுதை உடனே நீக்குவதும் உழவின் ஒரு பகுதியாகவே அமைந்தன. தச்சரும் கொல்லரும் அப்பகுதியின் வேளாண்மைக்கு இன்றியமையாதோராயினர். பின்னாளில் எழுந்த எந்திரத் தொழிலுக்கான மனப்பாங்கு, இத்தகைய கிணற்றடிகளிலேயே உருவாகத் தொடங்கிவிட்டது எனலாம்.

தெரிந்து தெளிவோம்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்துள்ள கொடுமணல், தொல்லியல் சிறப்புமிக்க ஊராகும். இன்றைய ஈரோடு மாவட்டத்தில் உள்ள இவ்வூரின் அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், அணிகலன் மணிகள் செய்யப்பட்டதற்கான சான்றுகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்துள்ளன. பதிற்றுப்பத்தில் குறிக்கப்படும் கொடுமணம் இவ்வூரே என்பர்.

ஆலையும் மின்சாரமும்

கோயம்புத்தூரைச் சூழ்ந்த கரிசல் நிலம் பருத்திக்கு ஏற்றது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஈரக்காற்று, நூல் எளிதில் அறுந்துபோகாமல் நூற்பதற்குத் துணைநின்றது. இவ்விரு வாய்ப்புகளும் நெடுங்காலமாக இருந்தபோதிலும், 1888ஆம் ஆண்டு இராபர்ட் ஸ்டேன்ஸ் என்பவர் நூற்பு நெசவு ஆலையை நிறுவிய பிறகே ஆலைத்தொழில் இங்கு வேரூன்றியது. நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் திட்டம் 1930களின் தொடக்கத்தில் மின்சாரம் வழங்கத் தொடங்கியதும் நூற்பாலைகள் விரைந்து பெருகின. கோயம்புத்தூர், ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று அழைக்கப்படலாயிற்று. ஆலைச் சங்கின் ஒலியைக் கேட்டு மக்கள் பொழுதறிந்த காலம் அது.

ஆலைகளின் எந்திரங்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. அவற்றின் சிறிய பாகம் ஒன்று உடைந்தாலும் மாற்றுப்பாகம் கப்பலில் வந்துசேரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப்போர் இறக்குமதியைத் தடுத்தபோது, காத்திருப்பதற்கும் வழியில்லாது போயிற்று. ஆலைகளைச் சுற்றியிருந்த பட்டறைகள் அப்பாகங்களைத் தாமே வார்த்தும் கடைந்தும் கொடுத்தன. பாகம் செய்தவர் முழு எந்திரத்தையும் செய்ய விரும்புவது இயல்பு. எந்திரங்களை வாங்கிவந்த நகரம் அவற்றைச் செய்யும் நகரமாக மாறத் தொடங்கியது. 1962ஆம் ஆண்டு நிறுவப்பட்ட லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், நூற்பாலை எந்திரங்களை இங்கேயே உருவாக்கியமை அம்மாற்றத்தின் முதிர்ந்த நிலையாகும்.

கழற்றிப் பூட்டும் கல்வி

இந்நகரின் மனப்பாங்குக்கு உருவம் கொடுத்தாற்போல வாழ்ந்தவர் ஜி. டி. நாயுடு. 1893ஆம் ஆண்டு கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், தொடக்கப்பள்ளியைக்கூட நிறைவு செய்யவில்லை. இளமையில் அயல்நாட்டு அலுவலர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். வியப்பதோடு நின்றுவிடாமல், அதை எப்படியாவது வாங்க வேண்டும் என்று உறுதிகொண்டார். கோயம்புத்தூரில் உணவகப் பணியாளராக உழைத்துப் பணம் சேர்த்து, அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அவர் செய்தது பயணமன்று. வண்டியைத் தனித்தனிப் பாகங்களாகக் கழற்றி மீண்டும் பூட்டிப் பார்த்தார்.

1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் அவர் தொடங்கிய போக்குவரத்துத் தொழில், நாளடைவில் யூ.எம்.எஸ். என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. பேருந்துகளைப் பழுதுபார்க்க அமைத்த பணிமனையே அவருடைய ஆய்வுக்கூடமாயிற்று. முகம் மழிக்கும் மின்கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, வாக்குப்பதிவு எந்திரம் என அவருடைய கண்டுபிடிப்புகள் பலவாகும். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் எனக் கருதப்படுவது, 1937ஆம் ஆண்டு அவருடைய பணிமனையில் டி. பாலசுந்தரத்தின் முயற்சியோடு உருவாயிற்று.

அந்த மின்மோட்டார் வெறும் அறிவியல் வெற்றியாக நிற்கவில்லை. கவலை ஏற்றத்தால் இறைத்த கிணற்றில் மின்சாரத்தால் நீர் இறைக்கும் காலத்தை அது திறந்துவைத்தது. கிணற்றடியில் எழுந்த தேவைக்குப் பட்டறை விடை சொன்னது. மோட்டாரும் பம்பும் தயாரிக்கும் தொழில் இந்நகரின் தனி அடையாளமாயிற்று.

இங்கே கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. சிற்றூர்களில் மின்னழுத்தம் ஒரே சீராக இருப்பதில்லை. அழுத்தம் குறைந்தால் மோட்டாரின் சுருள் கருகிவிடும். கருகிய மோட்டாரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு உழவர் பட்டறைக்கு வந்தார். காயில் கட்டிக் கொடுத்தவர், எந்தப் பாகம் அடிக்கடி பழுதாகிறது, ஏன் பழுதாகிறது என்பதைத் தம் கைகளாலேயே அறிந்தார். அவ்வறிவைக் கொண்டு, ஏற்ற இறக்கமுள்ள மின்னழுத்தத்தையும் தாங்கும் மோட்டார்களைச் செய்தனர். பழுதுபார்க்கும் பட்டறையே வடிவமைப்பைக் கற்பிக்கும் பள்ளியாக விளங்கியது. பயன்படுத்துவோரின் குறையைச் செவிமடுக்கும் பழக்கம் இல்லாதிருப்பின், இந்த வளர்ச்சி நிகழ்ந்திராது.

திரையும் அச்சும்

பொறித்தொழிலில் மட்டுமன்றிக் கலைத்தொழிலிலும் இந்நகரின் துணிவு வெளிப்பட்டது. கோயம்புத்தூரில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அலுவலகத்தில் வரைவாளராகப் பணியாற்றினார். 1905ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, நிலையான வேலையைத் துறந்து, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பின்னர்ச் சொந்த ஊருக்குத் திரும்பி 1914ஆம் ஆண்டு ‘வெரைட்டி ஹால்’ என்னும் நிலையான திரையரங்கைக் கட்டினார். மின்சாரத்தால் இயங்கும் அச்சகத்தையும் நடத்தினார். ஆலை அதிபர்களோடு அவரும் இணைந்து 1935ஆம் ஆண்டு சிங்காநல்லூரில் தோற்றுவித்த சென்ட்ரல் ஸ்டுடியோ, தமிழ்த் திரைப்படத் தயாரிப்பின் முக்கிய நிலையங்களுள் ஒன்றாயிற்று. பஞ்சில் ஈட்டிய பணத்தைப் படத்தில் முதலிடத் துணிந்தவர்கள் இந்நகரில் இருந்தனர். ஒரு தொழிலில் கிடைத்த வருவாய் முற்றிலும் புதிய மற்றொரு தொழிலுக்கு விதையாவது, படைப்பாற்றல் மிக்க ஊரின் இயல்பாகும்.

ஆட்டுக்கல் எந்திரமான கதை

பெரிய ஆலைகளில் மட்டுமே புதுமை பிறக்கும் என்பதில்லை. தென்னிந்திய வீடுகளில் இட்லிக்கும் தோசைக்கும் மாவரைப்பது பெண்களின் தோள்களை வருத்திய வேலையாக இருந்தது. ஆட்டுக்கல்லின் குழியில் குழவியைச் சுற்றிச் சுற்றி நெடுநேரம் அரைக்க வேண்டும். 1955ஆம் ஆண்டு கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி, மின்மோட்டாரால் மாவரைக்கும் எந்திரத்தை உருவாக்கினார். அதுவே ‘வெட் கிரைண்டர்’ என வழங்குகிறது.

இக்கண்டுபிடிப்பின் நுட்பம் எளிமையானது. கையால் அரைக்கும்போது கல் அசையாமல் இருக்கும், குழவி சுழலும். எந்திரத்திலோ கல் பதித்த பாத்திரம் சுழலும். குழவி ஓரிடத்தில் நிறுத்தப்பட்டிருக்கும். பழைய கருவியின் இயக்கத்தை மாற்றி அமைத்தமையே புதுமை. ஆனால், கல்லால் அரைபடும் மாவின் பதத்தை மட்டும் அவ்வெந்திரம் கைவிடவில்லை. மரபில் காக்க வேண்டியது எது, மாற்ற வேண்டியது எது எனப் பிரித்தறிந்ததே அதன் வெற்றிக்குக் காரணம். பின்வந்தோர் பாத்திரத்தைச் சாய்த்து மாவை எடுக்கும் வகையையும், மேசைமீது வைத்துப் பயன்படுத்தும் சிறிய வகையையும் உருவாக்கினர். இன்று ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்ற பொருளாகும்.

பகிர்ந்து செய்யும் தொழில்

கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சிங்காநல்லூர் முதலிய பகுதிகளின் தெருக்களில் சிறு பட்டறைகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒரு பட்டறையில் இரும்பை வார்க்கின்றனர். அடுத்ததில் லேத்து என வழங்கும் கடைசல் எந்திரத்தில் அதை வழவழப்பாக்குகின்றனர். வேறொன்றில் செம்புக்கம்பியைச் சுருளாகக் கட்டுகின்றனர். மற்றொன்றில் அனைத்தையும் பூட்டி முழுமையான பம்பாக்குகின்றனர். இந்த முறையால், பெருமுதல் இல்லாதவரும் ஒரே ஓர் எந்திரத்துடன் தொழில் தொடங்க முடிகிறது. பட்டறையில் பணியாளராகச் சேர்ந்தவர், தொழிலைக் கற்றுத் தாமே பட்டறை வைப்பது இங்கு வியப்புக்குரியதன்று. புதியவரை நம்பிக் கொடுக்கப்படும் முதல் வேலையே அவருக்கு முதலாகிறது.

தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், குசராத்தி எனப் பல மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டோர் இந்நகரில் ஒன்றாகத் தொழில் செய்கின்றனர். ‘ஏனுங்க’, ‘சொல்லுங்க’ என மரியாதை விகுதி சேர்த்துப் பேசும் கொங்குத் தமிழ் அவர்களுக்குப் பொதுமொழியாகிறது. பேரம் பேசும்போதும் பிணக்கின்போதும் மரியாதை குறையாத பேச்சு, மறுநாள் மீண்டும் சந்திப்பதற்கான வாயிலைத் திறந்தே வைக்கிறது.

போட்டியிடுவோரும் பொதுத் தேவைக்காக ஒன்றுகூடினர். 1956ஆம் ஆண்டு ஆலைகள் இணைந்து தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தை, அதாவது சிட்ராவை, அமைத்தன. சிறுதொழில் முனைவோர் ‘கொடிசியா’ என்னும் சங்கத்தின்கீழ்த் திரண்டனர். தனியொரு பட்டறையால் வாங்க முடியாத சோதனைக் கருவிகளும் கண்காட்சி வாய்ப்புகளும் கூட்டுமுயற்சியால் அனைவருக்கும் கிடைத்தன.

எனினும் இம்முறைக்குக் குறைகளும் உண்டு. ஒருவர் அரிதின் முயன்று செய்த வடிவத்தை அடுத்த தெருவில் உள்ளவர் எளிதில் நகலெடுத்துவிடலாம். நகல்கள் பெருகும்போது விலையைக் குறைப்பதிலேயே போட்டி நிலவும். புதியது செய்தவருக்கு உரிய பயன் கிட்டாது. அறிவைப் பகிர்வதற்கும் பறிப்பதற்கும் இடையே எல்லை வகுப்பது தொழிற்பண்பாட்டின் கடமையாகும்.

ஐந்தில் ஒரு பங்கு

பீளமேட்டைச் சேர்ந்த பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் மைந்தர் நால்வர். குடும்பச் சொத்தைப் பிரித்தபோது அவர்கள் அதை நான்காகப் பிரிக்கவில்லை, ஐந்தாகப் பிரித்தனர். அறத்தை உடன்பிறந்த ஐந்தாமவராகக் கருதி அதற்கும் ஒரு பங்கு அளித்தனர். 1926ஆம் ஆண்டு அவ்வாறு பிறந்ததே பி.எஸ்.ஜி. அறநிலையம். அதே ஆண்டு அவர்கள் தொழிற்பயிற்சி நிலையத்தையும் தொடங்கினர். 1951ஆம் ஆண்டு அதனருகிலேயே பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. தொழிற்சாலையும் வகுப்பறையும் ஒரே வளாகத்தில் இயங்கியதால், மாணவர் கரும்பலகையில் கண்டதைக் கைகளால் செய்துபார்க்க முடிந்தது.

வேளாண்மைக் கல்லூரி, 1912ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கரும்பு இனப்பெருக்க நிலையம் ஆகியவற்றை அரசு இங்கு அமைத்தது. தி. சு. அவினாசிலிங்கம் பெண்கல்விக்கு நிறுவனம் கண்டார். இவ்வாறு செல்வம் கல்வியாயிற்று. கல்வி மீண்டும் தொழிலாயிற்று. ஈட்டியதில் ஒரு பகுதியை அடுத்த தலைமுறையின் கற்றலுக்கு அளிக்கும் வழக்கமே இந்நகரின் படைப்பாற்றல் வற்றாமல் காத்த ஊற்றாகும்.

தெரிந்து தெளிவோம்

ஜி. டி. நாயுடுவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. நான்காண்டுப் பொறியியல் படிப்பை இரண்டாண்டுகளிலேயே கற்பிக்க இயலும் என்று நாயுடு வாதிட்டார். அக்கல்லூரி பின்னர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகி வேறிடம் பெயர்ந்தது. அது முதலில் இருந்த பகுதியை மக்கள் இன்றும் ‘ஹோப் காலேஜ்’ என்றே அழைக்கின்றனர்.

உழைத்தவர் குரல்

தொழில் நகரின் வரலாறு முதலாளிகளின் வரலாறாக மட்டும் அமைய முடியாது. பஞ்சுத் துகள் படர்ந்த காற்றில் நெடுநேரம் நின்று உழைத்த ஆலைத் தொழிலாளர், உரிய கூலிக்கும் மரியாதைக்கும் போராடினர். அப்போராட்டங்களின் பின்னணியில் எழுந்த வழக்கில் சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த தொழிலாளர் நால்வர் 1946ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர். இந்நகரின் நினைவில் ஆறாத வடு அது. ஓர் எந்திரத்தின் குறையை முதலில் அறிபவர் அதை நாள்தோறும் இயக்குபவரே. அவருடைய சொல்லுக்குச் செவிகொடுக்கும் பட்டறையில் புதுமை தழைக்கும். செவிகொடுக்காத இடத்தில் திறமையும் சேர்ந்தே வெளியேறும்.

வெற்றி எழுப்பிய வினா

காலம் மாறியது. நகரின் நடுவே இருந்த பழைய ஆலைகள் பல மூடப்பட்டன. ஆயினும் ஆலைகளைச் சார்ந்து வளர்ந்த பட்டறைத் திறன் அழியவில்லை. வாகன உதிரிபாகங்கள், காற்றழுத்த எந்திரங்கள், மென்பொருள் எனப் புதிய துறைகளுக்கு அது தன்னைப் பழக்கிக்கொண்டது.

ஆனால், இந்நகரின் பெருமைக்குரிய படைப்பே ஒரு பெரிய வினாவை எழுப்பியுள்ளது. எருதுகள் இறைத்த காலத்தில், ஊறிய அளவு நீரே மேலே வந்தது. பம்பு வந்தபின் ஊற்றைவிட விரைவாக நீரை வெளியேற்ற முடிந்தது. நிலத்தடி நீர் கீழிறங்க, கிணறு ஆழ்துளைக் கிணறாயிற்று. ஆயிரம் அடி ஆழத்தையும் கடந்த துளைகள் இப்பகுதியில் இன்று புதுமையல்ல. அதற்கேற்ப வலிய பம்புகள் செய்யப்பட்டன; அவை நீரை மேலும் ஆழத்துக்குத் துரத்தின. தாகம் தீர்க்கப் பிறந்த கருவி, தாகத்தை வளர்க்கவும் வல்லதாயிற்று.

இவ்வினாவுக்கும் விடைதேடும் முயற்சியை நகரமே தொடங்கியது. 2003ஆம் ஆண்டு தொழில்துறையினரும் பொதுமக்களும் இணைந்து ‘சிறுதுளி’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். குளங்களைத் தூர்வாருதல், மழைநீரைச் சேமித்தல், நொய்யலை மீட்டல் ஆகியன அதன் நோக்கங்களாயின. முன்னோர் வெட்டிய குளங்களை நோக்கி, பம்பு செய்த நகரம் திரும்பியது. இப்பணி இன்னும் முடியவில்லை. நீரை மேலே கொண்டுவரும் நுட்பத்தைக் கற்ற அறிவு, நீரை மீண்டும் மண்ணுக்குள் அனுப்பும் நுட்பத்தையும் கற்றாக வேண்டும்.

தேவையைக் கூர்ந்து நோக்குதல், கழற்றிப் பார்க்கத் தயங்காமை, வேலையைப் பகிர்தல், உழைப்பவரை மதித்தல், ஈட்டியதில் ஒரு பங்கைக் கல்விக்கு அளித்தல் ஆகியவையே கோயம்புத்தூரின் தொழிற்பண்பாடு. இவற்றைக் கட்டளையிட்டு உண்டாக்க முடியாது. அன்றாடப் பழக்கத்தால் மட்டுமே வளர்க்க முடியும். கையழுக்குப் படிந்த வேலையைத் தாழ்வெனக் கருதும் இளந்தலைமுறை உருவானால், எத்தனை கல்லூரிகள் இருப்பினும் அப்பண்பாடு தளரும். பழுதடைந்த பொருளைக் கண்டதும் ‘இதைத் திறந்து பார்க்கலாமா?’ என்று கேட்கும் பிள்ளைகள் உள்ளவரை, எந்த ஊரும் தனக்குரிய புதுமையைப் படைத்துக்கொள்ளும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள பட்டறை அல்லது பழுதுநீக்கும் கடை ஒன்றுக்குச் சென்று, அங்குப் பணிபுரிவோர் தொழில் கற்ற முறையைக் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.
2. உங்கள் வட்டாரத் தொழிலில் வழங்கும் கலைச்சொற்களைத் திரட்டி அகரவரிசைப்படுத்துக.
3. ‘மரபில் காக்க வேண்டியதும் மாற்ற வேண்டியதும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

நம்மை அளவிடுவோம்

குறுவினா
1. வெட் கிரைண்டரின் இயக்கம் ஆட்டுக்கல்லின் இயக்கத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. பி.எஸ்.ஜி. அறநிலையம் தோன்றிய வகையைக் குறிப்பிடுக.

சிறுவினா
1. பழுதுபார்க்கும் பட்டறை வடிவமைப்பைக் கற்பிக்கும் பள்ளியாக விளங்கியதை விளக்குக.
2. பகிர்ந்து செய்யும் தொழில்முறையின் நிறைகளையும் குறைகளையும் எழுதுக.

நெடுவினா
1. கோயம்புத்தூரின் பண்பாடு அதன் தொழில்முனைவோரின் படைப்பாற்றலை வடிவமைத்த பாங்கினையும், இன்று அது எதிர்கொள்ளும் வினாவையும் கட்டுரைக்க.